கல்லீரல் எப்படி வேலை செய்கிறது, மருத்துவர் அதில் எதைத் தேடுகிறார்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஏஎல்டி என்ற நொதியின் அளவு கூடியிருப்பதைக் காட்டும் குறி ஒன்று விழுந்துவிட்டால் போதும், கல்லீரல் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அதே தாளில் கல்லீரல் தயாரிக்கும் அல்புமின் என்ற ரத்தப் புரதம் மெல்லக் குறைந்து வந்திருப்பதும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு இறங்கியிருப்பதும் கண்ணில் படாமலே போய்விடுகின்றன. கல்லீரல் மருத்துவத்தில் பெரும்பாலும் இந்த இரண்டாவது செய்திதான் அதிகக் கவலைக்குரியது. ஏன் அப்படி என்பதை நோய்களின் பட்டியலிலிருந்து தொடங்கினால் விளங்கிக்கொள்ள முடியாது. நலமாக இருக்கும் கல்லீரல் ஒவ்வொரு நிமிடமும் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால், அறிக்கையின் ஒவ்வொரு வரியும் அதில் எந்த வேலையைப் பற்றிப் பேசுகிறது என்பது தானாகவே தெளிவாகும்.

வளர்ந்த ஒருவரின் கல்லீரல் சுமார் 1.2 முதல் 1.5 கிலோ எடையுள்ளது. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடு. வயிற்றின் வலது மேற்பகுதியில், உதரவிதானத்துக்குக் கீழே, விலா எலும்புகளின் மறைவில் அது அமைந்திருக்கிறது. அதன் உட்திசுவில் வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை மட்டுமே இழுபடும்போது வலிக்கும். திடீரென்று வீங்கும் கல்லீரல் வலிப்பதும், பல ஆண்டுகளாக மெதுவாக நாராகிக்கொண்டிருக்கும் கல்லீரல் ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் இதனால்தான். வலியில்லை என்பதைக் கல்லீரல் நலத்துக்குச் சான்றாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த உறுப்பின் எல்லாத் தனித்தன்மைகளுக்கும் அடிப்படை அதன் ரத்த ஓட்டம். மற்ற உறுப்புகளுக்குப் பெரும்பாலும் தமனி வழியாக மட்டுமே ரத்தம் வருகிறது. கல்லீரலுக்கு இரண்டு வாயில்கள் உண்டு. நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர், அதாவது இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு, கல்லீரலுக்குள் நுழைகிறது. அதில் முக்கால் பங்கைக் கொண்டுவருவது போர்ட்டல் சிரை; இரைப்பை, குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றின் வழியாக ஏற்கெனவே ஒரு முறை சென்று வந்த ரத்தம் அது. மீதிக் கால் பங்கைக் கல்லீரல் தமனி கொண்டுவருகிறது. தமனியின் பங்கு சிறிதானாலும் அது ஆக்சிஜன் செறிந்த ரத்தம் என்பதால், கல்லீரலுக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஏறத்தாழப் பாதி அதன் வழியாகவே கிடைக்கிறது. போர்ட்டல் சிரையில் ஓட்டம் குறைந்தால் தமனி தானாக விரிந்து ஓரளவு ஈடுகட்டவும் செய்கிறது.

குடலிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரை, அமினோ அமிலம், வாய்வழி உட்கொண்ட மருந்து, குடல் பாக்டீரியாக்கள் விடும் நச்சுகள் என ஏறக்குறைய எல்லாமே உடலின் மற்ற பகுதிகளுக்குச் செல்லும் முன் கல்லீரலைக் கடந்தாக வேண்டும். கொழுப்பு மட்டும் பெரும்பாலும் நிணநீர் வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. கணையத்திலிருந்து வரும் இன்சுலினும் முதலில் சேரும் இடம் கல்லீரலே. அதில் பாதியளவை அது அங்கேயே பயன்படுத்திச் சிதைத்துவிடுகிறது. ரத்தம் கல்லீரலில்தான் உருவாகி உடலெங்கும் சென்று தீர்ந்துபோகிறது என்ற பண்டைய மருத்துவர் கேலனின் கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மருத்துவத்தை ஆண்டது. 1628இல் வில்லியம் ஹார்வி ரத்தம் சுற்றி வருவதை நிறுவியபோது கல்லீரல் அந்த அரியணையை இழந்தது. 1654இல் பிரான்சிஸ் கிளிசன் அதன் ரத்தக் குழாய்களையும் உறையையும் விரிவாக விவரித்தார். அந்த உறை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

நுண்நோக்கியின் கீழ் கல்லீரல் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள எண்ணற்ற நுண்மடல்களாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய அறுகோண வடிவம் கொண்டது. மூலைகளில் போர்ட்டல் சிரையின் கிளை, தமனியின் கிளை, பித்தநாளத்தின் கிளை ஆகிய மூன்றும் சேர்ந்து ஓடுகின்றன. நடுவில் ஒரு சிறு சிரை இருக்கிறது. மூலைகளில் நுழையும் ரத்தம், கல்லீரல் செல்களின் வரிசைகளுக்கு இடையிலுள்ள சைனசாய்டு எனப்படும் நுண்குழாய்கள் வழியாக நடுச்சிரையை நோக்கி மெதுவாக நகர்கிறது. பித்தநீரோ இதற்கு எதிர்த்திசையில், நடுவிலிருந்து மூலைகளை நோக்கி வழிகிறது.

சைனசாய்டின் சுவரைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் பின்னால் வரும் நோய்க்கதை முழுவதும் இங்கேதான் தொடங்குகிறது. சாதாரண நுண்குழாய்களின் சுவர் தொடர்ச்சியானது. அதற்கு அடியில் ஒரு தாங்கு படலமும் உண்டு. சைனசாய்டின் சுவரில் 100 முதல் 150 நானோமீட்டர் அளவிலான துளைகள் சல்லடைபோல நிறைந்திருக்கின்றன, அடியில் முறையான தாங்கு படலமும் இல்லை. ரத்த அணுக்கள் உள்ளேயே நின்றுவிட, பிளாஸ்மா தன் புரதங்களோடு அப்படியே வெளியேறிக் கல்லீரல் செல்களின் மேற்பரப்பை நனைக்கிறது. சுவருக்கும் செல்லுக்கும் இடையிலுள்ள இந்த நூலிழை இடைவெளியில்தான் கொடுக்கல் வாங்கல் எல்லாம் நடக்கிறது. வைட்டமின் ஏ சத்தைத் துளித்துளியாகச் சேமித்து வைத்திருக்கும் நட்சத்திர செல்கள் குடியிருப்பதும் இங்கேதான். இவ்வளவு திறந்த அமைப்பு என்பதால் ரத்தம் கடந்து செல்ல மிகக் குறைந்த அழுத்தமே போதுமானதாக இருக்கிறது: போர்ட்டல் சிரைக்கும் கல்லீரலை விட்டு வெளியேறும் சிரைக்கும் இடையே அழுத்த வேறுபாடு இயல்பு நிலையில் 5 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டுவதில்லை.

நுண்மடலின் எல்லாச் செல்களும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மூலைக்கு அருகிலுள்ள செல்களுக்கு ஆக்சிஜன் நிறையக் கிடைப்பதால், புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பது, கொழுப்பு அமிலங்களை எரிப்பது, யூரியா உண்டாக்குவது ஆகிய உழைப்பு மிகுந்த வேலைகள் அங்கே அதிகம் நடக்கின்றன. நடுச்சிரையை ஒட்டிய செல்களில் ஆக்சிஜன் குறைவு. ஆனால் மருந்துகளை வேதிமாற்றம் செய்யும் சைட்டோகுரோம் பி450 நொதிகள் அங்கேதான் செறிந்திருக்கின்றன. அதிர்ச்சி நிலையில் ரத்த அழுத்தம் வீழும்போது முதலில் மடிவதும் இந்த நடுப்பகுதிச் செல்களே, பாராசிட்டமால் அளவு மீறும்போது முதலில் மடிவதும் இவையே.

பாராசிட்டமாலின் கதை கல்லீரலின் வேலைமுறையை மிகத் துல்லியமாகக் காட்டுகிறது. சரியான அளவில் எடுத்துக்கொண்டால் அந்த மருந்தின் பெரும்பகுதி குளுக்குரோனிக் அமிலத்தோடோ சல்பேட்டோடோ இணைக்கப்பட்டு, தீங்கின்றிச் சிறுநீரில் வெளியேறிவிடும். சிறு பங்கு மட்டும் சைட்டோகுரோம் நொதிகளால் கடும் நச்சுப்பொருளாக மாறுகிறது. அதையும் செல்லிலுள்ள குளுட்டதையோன் என்ற காப்புப்பொருள் உடனுக்குடன் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. அளவு மீறும்போது இணைப்புப் பாதைகள் நிரம்பி வழிய, நச்சுப்பொருள் பெருகி, குளுட்டதையோன் இருப்பு தீர்ந்துபோகிறது. அதன்பின் அந்த நச்சு செல்லின் சொந்தப் புரதங்களையே தாக்குகிறது. முதல் நாளில் குமட்டலைத் தவிரப் பெரிதாக ஒன்றும் தெரியாது. நொதி அளவுகள் உச்சத்தை எட்டுவது மூன்றாம் நாள் வாக்கில்தான். குளுட்டதையோனை மீட்டெடுக்க உதவும் அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்றுமருந்து, விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றிவிடும். ஆகவே அளவு மீறி விழுங்கியவர் நலமாகத் தெரிகிறார் என்பதற்காகக் காத்திருப்பது, காப்பாற்றக்கூடிய நேரத்தை வீணடிப்பதாகும்.

இனி அன்றாட வேலைகள். உணவுக்குப் பின் வரும் குளுக்கோஸைக் கல்லீரல் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கிறது; வளர்ந்தவரில் இந்த இருப்பு சுமார் 100 கிராம். மூளை மட்டுமே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோஸைச் செலவழிக்கிறது. தசைகளிலும் கிளைக்கோஜன் உண்டு, இன்னும் அதிகமாகவே உண்டு. ஆனால் அதைக் குளுக்கோஸாக ரத்தத்தில் விடுவதற்கான கடைசி நொதி தசைகளில் இல்லை. அது கல்லீரலிலும், ஓரளவு சிறுநீரகத்திலும்தான் இருக்கிறது. கல்லீரல் சர்க்கரையை உண்டாக்கி ரத்தத்தில் விடுகிறது என்பதைக் கிளாட் பெர்னார்ட் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிறுவினார். 1857இல் கிளைக்கோஜனைப் பிரித்தெடுத்தும் காட்டினார். ஓர் உறுப்பு தன் விளைபொருளை நேராக ரத்தத்தில் சுரக்க முடியும் என்ற கருத்து உடலியங்கியலில் வேரூன்றியதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம்.

இரவு உறங்கும்போது ரத்தச் சர்க்கரை வீழாமல் இருப்பது இந்த இருப்பினால்தான். அது கரைந்துவரும்போது லாக்டேட், அமினோ அமிலங்கள், கிளிசரால் ஆகியவற்றிலிருந்து கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. கொழுப்பு அமிலங்களைக் கீட்டோன்கள் என்ற எரிபொருளாக மாற்றி மற்ற உறுப்புகளுக்கு அனுப்புகிறது. தான் உண்டாக்கும் கீட்டோனைக் கல்லீரலே எரித்துக்கொள்ள முடியாது என்பது எனக்கு எப்போதும் வியப்பூட்டும் செய்தி. உறுப்பு நார்த்திசுவால் இறுகிப்போகும் சிரோசிஸ் நோய் முற்றியவரின் கல்லீரலில் கிளைக்கோஜன் இருப்பு சிறுத்துவிடுவதால், ஓர் இரவுப் பட்டினியிலேயே அவர் உடல், நலமான ஒருவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்த நிலையை அடைந்து, தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. படுக்கப்போகும் முன் சிறிது மாவுச்சத்தும் புரதமும் கொண்ட உணவு அவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது இந்த உடலியக்கத்தின் நேரடி விளைவு. ஒழுங்காகச் சாப்பிடாமல் நிறைய மது அருந்துபவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவதும் இதே இடத்தில் விழும் அடிதான்: கிளைக்கோஜன் தீர்ந்த நிலையில், மதுவைச் சிதைக்கும் வேதிவினை புதிய குளுக்கோஸ் தயாரிப்பையும் முடக்கிவிடுகிறது.

புரதம் சிதையும்போது உண்டாகும் அம்மோனியா மூளைக்கு நஞ்சு. அதை யூரியாவாக மாற்றும் சுழற்சியை 1932இல் ஹான்ஸ் கிரெப்ஸும் குர்ட் ஹென்செலைட்டும் கண்டறிந்தனர். அந்தச் சுழற்சியை முழுமையாக நடத்துவது கல்லீரலே. கல்லீரல் செயலிழக்கும்போதோ, குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைத் தொடாமல் பக்கவழியாகப் போய்விடும்போதோ, அம்மோனியா மூளையை எட்டுகிறது. தூக்க நேரம் தலைகீழாவது, கையெழுத்து கோணுவது, நீட்டிய கைகள் அடித்துக்கொள்வது, பிறகு குழப்பம், மயக்கம் என்று அது முற்றும். இத்தகையோருக்குப் புரத உணவைக் குறைக்கும் பழைய வழக்கம் இன்று கைவிடப்பட்டுவிட்டது. தசையும் அம்மோனியாவைப் பிடித்து வைக்கும் ஆற்றல் உடையது. புரதத்தைக் குறைத்தால் தசை கரைந்து நிலைமை மோசமாகவே செய்யும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்பதே இப்போதைய பரிந்துரை. குடலில் அம்மோனியா உறிஞ்சப்படுவதைக் குறைக்க லாக்டுலோஸ் என்ற மருந்து கொடுக்கப்படுகிறது.

கல்லீரலின் தயாரிப்புத் திறனை இரண்டு வேறுபட்ட காலக் கணக்குகளில் அளக்கலாம். நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் அல்புமினை அது உண்டாக்குகிறது. ரத்தத்தில் அல்புமினின் அரை ஆயுள் ஏறத்தாழ மூன்று வாரம் என்பதால், இன்று தயாரிப்பு நின்றாலும் அளவு இறங்க நாளாகும். எனவே குறைந்த அல்புமின், வேறு காரணம் இல்லையென்றால், நாட்பட்ட குறைபாட்டைச் சொல்கிறது. ரத்தம் உறைவதற்கு வேண்டிய காரணிகளில் பெரும்பாலானவையும் கல்லீரல் செல்களில் உருவாகின்றன. அவற்றில் ஏழாம் காரணியின் அரை ஆயுள் சில மணி நேரம்தான். ஆகவே கல்லீரல் திடீரென்று செயலிழந்தால் முதலில் நீள்வது உறைவு நேரம். ஐஎன்ஆர் என்ற எண் அதைக் காட்டுகிறது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரண்டு, ஏழு, ஒன்பது, பத்தாம் காரணிகள் முழுமையடைய வைட்டமின் கே தேவை. அது குடலில் உறிஞ்சப்படப் பித்தநீர் தேவை. எனவே பித்தநாளம் அடைபட்டாலும் ஐஎன்ஆர் கூடும். வைட்டமின் கே ஊசி போட்டபின் எண் சரியானால் குறை பித்தநீர் ஓட்டத்தில் இருந்தது என்றும், சரியாகாவிட்டால் குறை பெரும்பாலும் செல்லிலேயே இருக்கிறது என்றும் மருத்துவர் பிரித்தறிகிறார். இவ்வளவு மலிவான, இவ்வளவு பொருள் பொதிந்த சோதனை மருத்துவத்தில் அதிகம் இல்லை.

பித்தநீருக்கு இரண்டு முகங்கள். ஒன்று செரிமானம்: அதிலுள்ள பித்த உப்புகள் கொழுப்பை நுண்துளிகளாக்கி உறிஞ்ச உதவுகின்றன. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அவற்றில் 95 விழுக்காடு திரும்ப உறிஞ்சப்பட்டு, போர்ட்டல் சிரை வழியாகக் கல்லீரலுக்கே வந்து சேர, அது மறுபடியும் அவற்றைப் பித்தத்தில் விடுகிறது. ஒரே உப்பு நாளொன்றுக்குப் பல முறை இந்தச் சுற்றில் போய்வருகிறது. மற்றொன்று கழிவகற்றல். கொழுப்பில் கரையும் கழிவுகளுக்கும் மிகையான கொலஸ்டிராலுக்கும் வெளியேறும் வழி பித்தநீர்தான்.

அந்தக் கழிவுகளில் மிக முக்கியமானது பிலிரூபின். சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்ந்து மண்ணீரலிலும் பிற இடங்களிலும் சிதைகின்றன. அவற்றின் ஹீமோகுளோபினிலிருந்து முதன்மையாக, நாளொன்றுக்கு 250 முதல் 300 மில்லிகிராம் பிலிரூபின் உண்டாகிறது. அது நீரில் கரையாது. அல்புமினைப் பற்றிக்கொண்டு கல்லீரலை அடைகிறது. அங்கே குளுக்குரோனிக் அமிலத்தோடு இணைக்கப்பட்டு நீரில் கரையும் வடிவம் பெற்று, பித்தத்தில் இறங்குகிறது. குடலில் பாக்டீரியாக்கள் அதை மாற்றும்போதுதான் மலத்துக்குப் பழுப்பு நிறம் வருகிறது. இந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டமும் ஒரு நோயறி குறிப்பு. இணைக்கப்படாத பிலிரூபின் அல்புமினைப் பற்றியிருப்பதால் சிறுநீரில் இறங்காது: சிவப்பணுக்கள் அதிகம் சிதையும் நோய்களில் கண் மஞ்சளாகும், ஆனால் பிலிரூபினால் சிறுநீர் கறுக்காது. இணைக்கப்பட்டது பித்தத்தில் போக வழியின்றி ரத்தத்துக்குத் திரும்பினால் சிறுநீர் கடும் பழுப்பாகும். குடலுக்குப் போகாததால் மலம் வெளிறும். ஆகவே மஞ்சள் காமாலையோடு வருபவரிடம் சிறுநீரின் நிறத்தையும் மலத்தின் நிறத்தையும் மருத்துவர் கேட்பது சடங்குக்காக அல்ல. அந்த இரண்டு கேள்விகளே பாதி நோயை அடையாளம் காட்டிவிடும். கில்பர்ட் நிலை எனப்படும் மரபுக்கூறு உள்ளவர்களுக்கு இணைக்கும் நொதி சற்றுக் குறைவு. பட்டினியிலும் காய்ச்சலிலும் கண் லேசாக மஞ்சளாகும், பின் சரியாகும். அது நோயே அல்ல, சிகிச்சையும் வேண்டியதில்லை.

பிறந்த குழந்தையின் நிலை தனி. இணைக்கும் நொதி முதிராததால் முதல் வாரத்தில் பல குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை வரும். பெரும்பாலும் அது இயல்பே. ஆனால் இணைக்கப்படாத பிலிரூபின் எல்லை மீறினால் மூளையில் படிந்து நிரந்தரச் சேதம் விளைவிக்கும் என்பதால், நீல ஒளியில் வைத்து அதைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் நீடித்து, மலம் வெளிறியிருந்தால் அது வேறு செய்தி: பித்தநாளமே அடைபட்டுப்போகும் பிறவிக்கால நோயாக இருக்கலாம். அதற்கான அறுவை சிகிச்சை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். குழந்தையின் மல நிறத்தைத் தாய் கவனிப்பது இங்கே எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. வெளிறிய மலம் என்றால் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

வாய்வழி மருந்துகளுக்குக் கல்லீரல் ஒரு சுங்கச்சாவடி போல நிற்கிறது என்பதும் அதே ரத்தப் பாதையின் விளைவு. நெஞ்சுவலிக்கான நைட்ரோகிளிசரினை விழுங்கினால் பெரும்பகுதி கல்லீரலிலேயே சிதைந்துவிடும். நாக்கின் அடியில் வைத்தால் அந்தப் பாதையைத் தவிர்த்து நேராக இதயத்துக்குப் போகும். கல்லீரல் பழுதானவருக்கோ, இயல்பாகப் பெருமளவு சிதைக்கப்படும் மருந்து சிதையாமல் ரத்தத்தில் பல மடங்கு கூடிவிடக்கூடும். இவற்றோடு, குடலிலிருந்து கசியும் பாக்டீரியாக்களை விழுங்கும் குப்ஃபர் செல்கள் சைனசாய்டுகளில் காவல் நிற்கின்றன. இரும்பு உறிஞ்சப்படுவதைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின், தட்டணுக்களின் உற்பத்தியைத் தூண்டும் திராம்போபொயடின் ஆகியவை கல்லீரலில் உருவாகின்றன. வைட்டமின் பி12 ஆண்டுக்கணக்கில் இங்கே சேமிப்பில் இருக்கிறது. வைட்டமின் டியின் முதல் மாற்றமும் இங்கேயே.

இப்போது அந்த அறிக்கைக்குத் திரும்பலாம். ஏஎல்டி, ஏஎஸ்டி இரண்டும் செல்லுக்குள் வேலை செய்யும் நொதிகள். செல் காயப்பட்டாலோ மடிந்தாலோ அவை ரத்தத்தில் கசிகின்றன. எத்தனை செல்கள் இப்போது காயப்படுகின்றன என்பதை அவை சொல்லும். எஞ்சிய செல்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்பதைச் சொல்லாது. இரண்டு நோயாளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவருக்கு ஹெபடைட்டிஸ் ஏ தொற்று: ஏஎல்டி 1500, கண் மஞ்சள், ஆனால் அல்புமின் 4.2, ஐஎன்ஆர் 1.1 என இரண்டும் இயல்பு, தெளிவான பேச்சு. இரண்டாமவருக்கு ஏஎல்டி 34, பார்த்தால் இயல்பு, ஆனால் அல்புமின் 2.7, தட்டணுக்கள் 70,000 எனக் குறைவு, ஐஎன்ஆர் 1.8 எனக் கூடுதல். முதலாமவர் ஏறக்குறைய உறுதியாகச் சில வாரங்களில் முழுக் குணமடைவார். இரண்டாமவருக்கு முற்றிய சிரோசிஸ் இருக்கக்கூடும். காயப்படுவதற்கு அங்கே செல்களே குறைந்துபோயிருப்பதால்தான் அவருடைய நொதி அமைதியாக இருக்கிறது.

இதைவிடக் கடுமையான ஒரு பொறியும் உண்டு. திடீர்க் கல்லீரல் செயலிழப்பில் ஏஎல்டி ஆயிரங்களிலிருந்து சட்டென்று இறங்கும்போது குடும்பத்தார் மகிழ்வார்கள். அதே நேரத்தில் பிலிரூபினும் ஐஎன்ஆரும் ஏறிக்கொண்டிருந்தால், அந்த இறக்கம் குணமாவதைக் குறிக்கவில்லை. கசிவதற்குச் செல்கள் மீதமில்லை என்பதைக் குறிக்கிறது. மருந்தினால் விளையும் கல்லீரல் காயத்திலும் இதே தர்க்கம் செல்லும். நொதி இயல்பு எல்லையின் மூன்று மடங்குக்கு மேல் உயர்வதோடு, பித்தநாள அடைப்பின்றிப் பிலிரூபினும் இரண்டு மடங்கைத் தாண்டினால், அத்தகையோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு உயிராபத்து நேரலாம் என்று ஹைமன் சிம்மர்மன் கவனித்தார். புதிய மருந்துகளின் பாதுகாப்பை எடைபோட அந்த விதி இன்றும் பயன்படுகிறது. நொதி உயர்வு மட்டும் காயத்தைச் சொன்னது. பிலிரூபின் சேர்ந்தபோது காயம் வேலையைப் பாதிக்கத் தொடங்கிவிட்டதைச் சொன்னது.

கல்லீரலின் கையிருப்புத் திறன் அசாதாரணமானது. 1931இல் ஹிக்கின்சும் ஆண்டர்சனும் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை நீக்கிக் காட்டிய ஆய்வில், மிச்சம் ஒரு சில வாரங்களுக்குள் பழைய எடைக்கு வளர்ந்தது. நீக்கிய மடல் மீண்டும் முளைப்பதில்லை. எஞ்சிய செல்கள் பெருகி, உடலுக்குத் தேவையான எடை எட்டியதும் நின்றுவிடுகின்றன. மனிதரில் இதற்குச் சில வாரம் முதல் சில மாதம் ஆகும். 1957இல் குளோத் குயினோ கல்லீரலை எட்டுப் பகுதிகளாகப் பகுத்தார். ஒவ்வொன்றுக்கும் தனி ரத்த வரத்தும் பித்த வடிகாலும் இருப்பதால், ஒன்றை நீக்கினாலும் மற்றவை பாதிக்கப்படுவதில்லை. உயிரோடு இருக்கும் ஒருவர் தன் கல்லீரலின் வலப்பகுதியை, மொத்தத்தில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை, மற்றொருவருக்குக் கொடுக்க முடிவது இந்த இரண்டு உண்மைகளின் மேல்தான் நிற்கிறது. ஆனால் கொடுப்பவரிடம் குறைந்தது 30 விழுக்காடாவது எஞ்சவேண்டும். கட்டியை வெட்டியெடுக்க வருபவருக்குச் சிரோசிஸும் இருந்தால் 40 விழுக்காடாவது மிஞ்சவேண்டும் என்று அறுவை மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள், ஏனென்றால் அந்தத் திசுவின் வளரும் ஆற்றல் குன்றியிருக்கிறது.

இந்தக் கையிருப்பே நோயை மறைக்கவும் செய்கிறது. வைரஸ், மது, கொழுப்பு என எந்தக் காரணத்தாலும் காயம் ஓயாமல் தொடர்ந்தால், அந்த நூலிழை இடைவெளியிலுள்ள நட்சத்திர செல்கள் வைட்டமின் ஏயை இழந்து, நார்ப்புரதம் சுரக்கும் செல்களாக மாறுகின்றன. இடைவெளியில் நார் படிகிறது. சுவரின் துளைகள் மூடிக்கொள்கின்றன. செல் உயிரோடு இருந்தாலும் ரத்தத்தோடு அதன் உறவு அறுந்துபோகிறது. வழி குறுகியதால் போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறுகிறது. அழுத்த வேறுபாடு 10 மில்லிமீட்டரை எட்டும்போது உணவுக்குழாயின் அடியில் சிரைகள் புடைக்கத் தொடங்கலாம். 12ஐத் தாண்டும்போது அவை வெடித்து ரத்த வாந்தி வரக்கூடும். அழுத்தம் பின்னோக்கித் தாக்குவதால் மண்ணீரல் வீங்கித் தட்டணுக்களைத் தன்னுள் தேக்கிக்கொள்கிறது. முதல் பத்தியில் சொன்ன தட்டணு இறக்கத்தின் பொருள் இதுதான்: அது பெரும்பாலும் போர்ட்டல் அழுத்தத்தின் முதல் வெளிச் சான்று. பிறகு வயிற்றில் நீர் கோக்கிறது, பித்தம் தேங்குகிறது, மூளை மந்தமாகிறது. இவை எதுவும் தோன்றாத சிரோசிஸோடு ஒருவர் சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ முடிகிறது. தோன்றியபின் அந்தச் சராசரி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகச் சுருங்குகிறது.

ஆகவே மருத்துவத்தின் முழு அக்கறையும் இந்த எல்லைக்கோட்டுக்கு முன்னால் நோயைக் கண்டறிவதில் இருக்கவேண்டும். உடல் பருமனும் சர்க்கரை நோயும் சேர்ந்து உண்டாக்கும் கொழுப்புக் கல்லீரல் இன்று மிகப் பரவலாகிவிட்ட நிலையில் இது இன்னும் அவசரமானது. அத்தகையோரில் பலருக்கு ஏஎல்டி இயல்பாகவே இருக்கும். வயது, ஏஎஸ்டி, ஏஎல்டி, தட்டணு ஆகிய நான்கை மட்டும் வைத்துக் கணக்கிடும் ஃபிப்-4 என்ற குறியீடு, நார்த்திசு படிந்திருக்க வாய்ப்புள்ளவரைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலிருந்தே பிரித்துக் காட்டும். அதில் ஐயம் வந்தால் கல்லீரலின் விறைப்பை அளக்கும் எலாஸ்டோகிராஃபி கருவியால் உறுதிசெய்யலாம். ஊசியால் திசு எடுத்துப் பார்ப்பது இன்றும் சில இடங்களில் தேவை. ஆனால் அந்தத் துண்டு கல்லீரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கே என்பதை நினைவில் வைத்தே அதன் முடிவைப் படிக்கவேண்டும்.

ஒருமுறை படிந்த நார் கரையாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அது சரியல்ல என்பது இப்போது தெளிவு. காயம் நின்றால் நட்சத்திர செல்களில் பல மடிகின்றன அல்லது அமைதி நிலைக்குத் திரும்புகின்றன. நொதிகள் நாரைச் சிறிது சிறிதாக அரித்தெடுக்கின்றன. ஹெபடைட்டிஸ் சி வைரஸை 8 முதல் 12 வார மாத்திரைகளால் நூற்றில் 95 பேருக்கு மேல் முழுமையாக நீக்க முடிகிறது. ஹெபடைட்டிஸ் பி வைரஸை நீண்டகால மருந்தால் அடக்கி வைக்க முடிகிறது, தடுப்பூசியால் வராமலே தடுக்க முடிகிறது. கொழுப்புக் கல்லீரலில் உடல் எடை 7 முதல் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சி தணிகிறது, பலரில் நாரும் குறைகிறது. மதுவை முற்றிலும் நிறுத்தியவர்களில் வயிற்று நீர் வற்றி, அல்புமின் ஏறி, உறுப்பு மாற்றுக்கான காத்திருப்புப் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடும் அளவுக்குத் தேறியவர்களும் உண்டு. எந்தக் கட்டத்தில் காயம் நிறுத்தப்பட்டது என்பதைப் பொறுத்து மீட்சியின் அளவு மாறும். சிரோசிஸ் வரை போனவருக்கு, நார் குறைந்த பின்னும் கல்லீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு எஞ்சியிருப்பதால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பரிசோதனை தொடர்ந்து தேவைப்படுகிறது.